மூன்று சிகிச்சைகள் கைவிட்ட பிறகு: ஆட்டிசமும் ஏடிஎச்டியும் சேர்ந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முதல் மின்னஞ்சல்

இவர் உளவியலாளரான எனக்கு அனுப்பிய முதல் மின்னஞ்சலில் வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. ஐந்து கேள்விகள் மட்டும் இருந்தன. முதல் சந்திப்புக்கு முன் எழுத்திலேயே பேசிக்கொள்ள முடியுமா? அறையின் விளக்கை மங்கலாக்க முடியுமா? உங்கள் முகத்தைப் பார்க்காமல் நான் பேசினால் அதை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்? வீட்டில் செய்துவரச் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆட்டிசமும் ஏடிஎச்டியும் சேர்ந்தே இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? ஐந்தாவது கேள்விக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: "சுமாராக வேண்டாம், எண்ணிக்கையில்."

அதற்கு என் உண்மையான பதில் பூஜ்யம். ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல் போகும், நிலைகொள்ளாமல் இருக்கும் குறைபாடு உள்ள பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். இரண்டும் உறுதியான ஒருவர்கூட என்னிடம் வந்ததில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன். விளக்கை மங்கலாக்கலாம் என்றும், பயிற்சி விஷயத்தில் நான் இதுவரை நல்லபடியாக நடந்துகொண்டேனா என்பதில் எனக்கே சந்தேகம் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அதே மின்னஞ்சல் 11 பேருக்குப் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஏழு பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் போன் செய்யச் சொன்னார்கள். போனில் எதிராளி எப்போது பேசி முடிப்பார், தான் எப்போது தொடங்க வேண்டும் என்பது இவருக்குப் பிடிபடாது, அதனால் அந்த இரண்டும் அங்கேயே முடிந்தன. இன்னொருவர், இவ்வளவு கோர்வையாக எழுதுகிறவருக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்பில்லை என்று பதில் எழுதியிருந்தார். மீதி நான். திறமையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

அந்த ஐந்து கேள்விகளை எழுத இவருக்கு ஏழு மாதம் ஆனது. ஒரு சொல்லை மாற்றுவார், மறுநாள் திரும்ப மாற்றுவார், பிறகு கோப்பை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவார். பட்டியல் போடுவது, விசாரிப்பது, படிவம் நிரப்புவது, பதில் வரும்வரை அதை மனதில் வைத்திருப்பது என்று சிகிச்சை தேடும் வேலை முழுக்க எந்தத் திறன்களைக் கேட்கிறதோ, அவை குறைவாக இருப்பதால்தான் ஆள் சிகிச்சையையே தேடுகிறார். எங்கள் தொழிலில் இதைப் பற்றி யாரும் அதிகம் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

பின்னணி

வயது 38. கட்டட வரைபடம் வரைகிற வேலை. தனியாக வசிக்கிறார். பூட்டுகளைப் பிரித்து மாட்டுவதும், சாவி இல்லாமல் திறந்து பார்ப்பதும் பன்னிரண்டு வயதிலிருந்து இருக்கும் ஈடுபாடு. அடையாளம் தரக்கூடிய மற்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் கட்டுரை முழுவதையும் அவர் படித்துச் சம்மதம் தந்திருக்கிறார்.

ஏடிஎச்டி தெரியவந்தது 35 வயதில், ஆட்டிசம் 37 வயதில். இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் இவர் மட்டுமல்ல. மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, 1994ல் வந்த நான்காம் பதிப்பில், ஆட்டிச வகைக் குறைபாடு இருப்பவருக்கு ஏடிஎச்டியையும் சேர்த்து எழுத இடம் தரவில்லை. 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் அந்தத் தடை நீங்கியது. இவருடைய பள்ளி நாட்களும் கல்லூரி நாட்களும் அந்தத் தடைக்குள்ளேயே முடிந்துவிட்டன. தவிர, நல்ல மதிப்பெண் வாங்கி, ஓரமாக உட்கார்ந்து, யாருக்கும் தொந்தரவு தராத பெண் பிள்ளையை யார் கூட்டிப்போய்ப் பரிசோதிக்கப் போகிறார்கள்?

ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டும் இருந்தது. ஏடிஎச்டிக்காக மெத்தில்பெனிடேட் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் தலைக்குள் இருந்த இரைச்சல் குறைந்தது. நிம்மதி என்று நினைத்தார். ஆனால் அந்த இரைச்சல் மூடி வைத்திருந்தவை எல்லாம் வெளியே வந்தன. மின்விசிறியின் ரீங்காரம், சட்டைக் காலரின் தையல், பக்கத்து மேசைக்காரர் பேனாவைத் தட்டுவது. அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒரு வேலை என்று தாவிக்கொண்டிருந்தவர், திடீரென்று எல்லாம் அதே வரிசையில்தான் நடக்க வேண்டும் என்று நிற்க ஆரம்பித்தார். மருந்து புதிதாக எதையோ உண்டாக்கிவிட்டது என்று பயந்துபோய் மருத்துவரிடம் சொல்ல, அவர்தான் ஆட்டிசப் பரிசோதனைக்கு அனுப்பினார். மருந்து எடுத்த பிறகுதான் ஆட்டிசம் கண்ணில் பட்டது என்று இருவகையும் உள்ள பலர் சொல்வதுண்டு.

முன்பு எடுத்த மூன்று சிகிச்சைகள்

முதலாவது பொதுவான கவுன்சிலிங். "மனசுல என்ன வருதோ பேசுங்க" என்று தொடங்கும், பிறகு எதிரே இருப்பவர் அமைதியாகிவிடுவார். அந்த அமைதி பலருக்கு உள்ளே இறங்க உதவும். இவருக்கு அது விதி தெரியாத விளையாட்டு. என்ன வகைப் பேச்சு எதிர்பார்க்கப்படுகிறது, எவ்வளவு நீளம், எதைச் சொன்னால் சரி? ஒரு நாள் முழு நேரமும் பூட்டுகளைப் பற்றிப் பேசினார். இன்னொரு நாள் ஒன்றுமே பேசவில்லை. எட்டாவது முறை, உணர்வுகளுக்குள் போகாமல் தவிர்க்கிறார் என்று சொல்லப்பட்டது. தவிர்ப்பதற்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே என்றார் என்னிடம்.

இரண்டாவது சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சை. இங்கே தெளிவு இருந்தது. நோக்கம் இருந்தது, தாள் இருந்தது. இவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அந்தத் தாளில் ஏழு கட்டங்கள். என்ன நடந்தது, என்ன எண்ணம் வந்தது, என்ன உணர்ச்சி, நூற்றுக்கு எத்தனை என்று வாரம் முழுக்க நிரப்பிக்கொண்டு வர வேண்டும். சோகம் 60ஆ 65ஆ என்பதில் ஒரு மாலை போகும். மறுநாள் தாளே காணாமல் போகும். வரவேற்பறையில் உட்கார்ந்து ஐந்து தாள்களை வேறு வேறு நிறப் பேனாவில் அவசரமாக நிரப்பியிருக்கிறார், வேறு வேறு நாட்களில் எழுதியது போல் தெரிவதற்காக. சிகிச்சைக்குப் போகிற இடத்திலும் நடிப்பு.

அங்கே நடந்த இன்னொன்று எனக்கு முக்கியமாகப்பட்டது. அலுவலகத்தில் எல்லோரும் தன்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அது அடுத்தவர் மனதைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளும் சிந்தனைப் பிழை, ஆதாரம் என்ன என்று கேட்கப்பட்டது. ஆதாரம் இருந்தது. வருடாந்திர மதிப்பீட்டில் சக ஊழியர் ஒருவர் எழுதியே கொடுத்திருந்தார். இவர் அதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அந்த முறைக்கு அதற்கு மேல் போக வழி இல்லாமல்போனது. 2012ல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிச ஆய்வாளர் இரட்டைப் பரிவுச் சிக்கல் என்று ஒன்றை விவரித்தார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரிவதில்லை என்பது பாதி உண்மைதான், மற்றவர்களுக்கும் இவர்களைப் புரிவதில்லை, இடைவெளி இரு பக்கமும் இருக்கிறது என்பது அதன் சாரம். அந்த மதிப்பீட்டுத் தாளை இந்தக் கண்ணோட்டத்தில் வைத்துப் பார்த்திருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும்.

மூன்றாவதுதான் காயப்படுத்தியது. சமூகப் பதற்றம் என்று முடிவாகி, பயப்படும் சூழலுக்குள் படிப்படியாகப் போகும் பயிற்சி தரப்பட்டது. கூட்டம் அதிகமாக இருக்கும் உணவு வேளையில், பொதுக்கூடத்தில், தினமும் 30 நிமிடம். இந்த முறை வேலை செய்வதற்கு அடிப்படை இதுதான்: நீங்கள் எதிர்பார்க்கும் கெடுதி நடப்பதில்லை, அதை மூளை திரும்பத் திரும்பப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. இவர் எதிர்பார்த்த கெடுதியோ, அங்கே உட்கார்ந்திருக்கும்போதே நடந்துகொண்டிருந்தது. தட்டுச் சத்தமும் நாற்காலி இழுபடும் ஓசையும் 50 பேச்சுகளும் ஒரே அளவில் காதுக்குள் இறங்குவதுதான் அந்தக் கெடுதி. பதற்றக் கோடு உச்சிக்குப் போய் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. ஒன்பதாம் நாள் வீடு திரும்பும் வழியில் பேச்சு வரவில்லை. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

பயமும் புலன் சுமையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஆள் வியர்ப்பார், எழுந்து போகப் பார்ப்பார். பிரித்துப் பார்க்க நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அதே இடம், அதே ஆட்கள், சத்தம் மட்டும் இல்லை என்றால் போவீர்களா? இவர் யோசிக்கவே இல்லை. "போவேன். அவங்க நல்லவங்கதான்."

17 என்ற மதிப்பெண்

முதல் சந்திப்பில் வழக்கம்போல மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தைக் கொடுத்தேன். ஒன்பது கேள்விகள், பெரும்பாலானவர்கள் மூன்று நிமிடத்தில் திருப்பித் தந்துவிடுவார்கள். இவருக்கு 25 நிமிடம் ஆனது. ஓரங்களில் பென்சிலில் குறிப்புகள். செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்றவற்றில் கவனம் செலுத்தச் சிரமமா என்ற கேள்விக்குப் பக்கத்தில், "செய்தித்தாள் வாங்குவதில்லை. டிவி இல்லை. வேறு எதை வைத்துச் சொல்ல?" என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "இரண்டு வாரமாக அல்ல, 38 வருடமாக."

கூட்டினால் 17. அந்தப் படிவத்தின் கணக்குப்படி 15 முதல் 19 வரை ஓரளவு கடுமையான மனச்சோர்வு. ஆனால் அந்த 17 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தூக்கம் 3, அசதி 3, கவனம் 3, உடம்பு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் இருப்பது 3, பசி 2, தன்னைத் தோல்வியாக நினைப்பது 2. மனச்சோர்வின் மையமான இரண்டு கேள்விகளில், மனம் சோர்ந்திருப்பதற்கு 1, எதிலும் ஆர்வமில்லாமல் போவதற்கு 0. ஆர்வம் எப்படிக் குறையும், முந்தின இரவு மூன்று மணிவரை ஒரு பூட்டோடு உட்கார்ந்திருந்தவருக்கு?

ஒன்பதாவது கேள்விக்கும் 0 போட்டிருந்தார். உயிரோடு இருப்பதைவிட இறப்பதே மேல் என்ற எண்ணம் வந்ததா என்ற கேள்வி அது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தற்கொலை அபாயம் கூடுதல் என்பதால் வாயாலும் நேராகக் கேட்டேன். வந்தது என்றார். பிறகு ஏன் 0? "மூணு வாரத்துக்கு முன்னாடி. படிவத்துல ரெண்டு வாரம்னுதான் போட்டிருக்கு." அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு, எந்த அறிகுறி வந்தால் யாருக்கு என்ன எழுதி அனுப்புவது என்று ஒரு பக்கத்தில் எழுதி முடித்தோம். அழைப்பதற்கு அல்ல, எழுதி அனுப்புவதற்கு. பேச்சு நின்றுபோகிற ஒருவருக்குத் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்து என்ன பயன்?

இது என்ன

மனச்சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த அடி எளிது. வெளியே போங்கள், ஆட்களைப் பாருங்கள், நாளுக்கு ஒரு செயலைக் கூட்டுங்கள் என்போம். இவருக்கு அது எதிர்த்திசை. 2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வாயிலிருந்தே கேட்டு, ஆட்டிச பர்ன்அவுட் என்பதன் அடையாளங்களாக மூன்றைச் சொன்னது: நீண்டகாலக் களைப்பு, முன்பு இருந்த திறன்கள் கைநழுவுவது, புலன்களின் தாங்குசக்தி குறைவது. மூன்றும் இவரிடம் இருந்தன. ஒரு காலத்தில் சுலபமாகச் செய்த மாதாந்திரக் கணக்கு இப்போது முடியவில்லை. குளிப்பது ஒரே வேலை இல்லை, பதினாறு வேலைகள் என்று எண்ணிச் சொன்னார்.

களைப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அலுவலகச் சில்லறைப் பேச்சுக்கு எழுதிவைத்த வசனங்கள். விடுமுறை எப்படிப் போனது என்று கேட்டால் என்ன சொல்வது, திரும்பக் கேட்க எத்தனை விநாடி காத்திருப்பது, யாராவது அழுதால் எந்த வாக்கியம். வயதுவாரியாகத் திருத்தங்கள் வேறு. மாஸ்கிங் என்று சொல்வது இதைத்தான். ஒரு நாளில் எட்டு மணி நேரம் இதைச் செய்துகொண்டு, கூடவே ஏடிஎச்டியின் மறதியையும் தாமதத்தையும் யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டு, அதற்கு மேல் வரைபடமும் வரைகிறார்.

அதனால் முதல் நான்கு மாதம் எதையும் கூட்டவில்லை, குறைத்துக்கொண்டே போனோம். கூட்டங்களில் கேமராவை அணைத்து வைக்கவும் ஓரத்து மேசைக்கு மாறவும் அனுமதி கேட்டு ஒரு கடிதம். வாரத்தில் இரண்டு மாலை யாரோடும் பேச்சில்லை. சிகிச்சை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை.

நான் சறுக்கிய இடங்கள்

மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக 2012ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உளவியல் சிகிச்சையை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது: எழுத்தும் படமும் அதிகம், பேச்சு நேரடியாக, உருவகம் வேண்டாம், விதிகளை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், இடைவேளை விடுங்கள், அவருக்கு ஈடுபாடுள்ள விஷயத்தை உள்ளே கொண்டுவாருங்கள். நல்ல வழிகாட்டி. அதை வைத்து ஒரு வாரத் திட்ட அட்டை செய்தேன். நிறம் நிறமாக, கட்டம் கட்டமாக, பிளாஸ்டிக் உறை போட்டு. எனக்கே பெருமையாக இருந்தது.

மூன்று வாரம் அற்புதமாக ஓடியது. நான்காம் வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அட்டை எங்கே என்றேன். "சுவத்துலதான் இருக்கு. ஆனா இப்ப அது சுவர்." தினமும் பார்த்த எதுவும் இவர் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடும். ஏடிஎச்டி மூளைக்குப் புதுசு வேண்டும்.

சரி என்று அடுத்த பக்கம் சாய்ந்தேன். ஒரு வாரம் அட்டை, மறுவாரம் செயலி, அதற்கு மறுவாரம் குரல் பதிவு. இரண்டாவது மாற்றத்திலேயே இவர் வாடிவிட்டார். இந்த முறை ஆட்டிசம் பேசியது: நேற்றிருந்தது ஏன் இன்றில்லை, யார் மாற்றச் சொன்னது? ஆட்டிசத்துக்கான புத்தகத்தையும் ஏடிஎச்டிக்கான புத்தகத்தையும் தனித்தனியாகப் படித்துவிட்டு இரண்டையும் ஒருவர்மேல் ஏற்றினால் இதுதான் நடக்கும். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு வலி.

வழி இவர் சொன்னதுதான். சட்டம் மாறக் கூடாது, உள்ளே இருக்கும் படம் மாறலாம். அப்படியே செய்தோம். நாள், நேரம், நாற்காலி, நான் சொல்லும் முதல் வாக்கியம், முடிக்கும் வாக்கியம் எல்லாம் எழுதிவைத்தபடி அப்படியே இருக்கும். நடுவில் ஆறு அட்டைகள் கவிழ்த்து வைத்திருப்பேன், ஒன்றை எடுப்பார். அன்றைக்கு அதுதான் வேலை. ஆறும் எவை என்று முன்பே அவருக்குத் தெரியும், எது வரும் என்பதுதான் தெரியாது. இருபதாவது நிமிடத்தில் எழுந்து நடக்க இடைவேளை. கையில் எப்போதும் ஒரு பயிற்சிப் பூட்டு. ஆரம்பத்தில், பூட்டைக் குடைந்துகொண்டிருக்கிறாரே, கேட்கிறாரா என்று உள்ளுக்குள் எரிச்சல்பட்டிருக்கிறேன். கை ஓயும்போதுதான் கவனம் போகிறது என்று பிடிபட இரண்டு மாதம் ஆனது.

வீட்டுப் பயிற்சியை ஒழித்துவிட்டோம். செய்ய வேண்டியதை அங்கேயே உட்கார்ந்து செய்வோம். இல்லையென்றால் வாரத்தில் ஒரு நாள் 15 நிமிடம் வீடியோ அழைப்பில் இருவரும் இருப்போம், பேச்சு கிடையாது, அவர் வேலையை அவர் செய்வார், என் குறிப்புகளை நான் எழுதுவேன். ஏடிஎச்டி உள்ளவர்கள் பாடி டபுளிங் என்று சொல்லும் முறை இது. பக்கத்தில் ஒருவர் தன்பாட்டுக்கு இருந்தாலே வேலை தொடங்கிவிடுகிறது. மறக்கக் கூடாதவற்றைச் சாவிக்கொத்தில் ஒரு சின்ன வில்லையாக மாட்டிக்கொண்டார். இவர் தொலைக்காத ஒரே பொருள் சாவிக்கொத்து.

இன்னொரு சறுக்கல். ஆறாம் மாதம் எனக்கு உடம்பு முடியாமல் ஒரு சந்திப்பை மாற்றி வைத்தேன், காரணம் எழுதவில்லை. அன்றிரவே சிகிச்சையை முடித்துக்கொள்வதாக நான்கு வரி வந்தது. என்னைப் பிடிக்கவில்லை என்று நாகரிகமாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நிராகரிப்பைத் தாங்க முடியாத இந்தக் கூர்மை எந்தக் கையேட்டிலும் நோயாக இல்லை, ஆனால் ஏடிஎச்டி உள்ளவர்களிடம் அடிக்கடி கேட்பது. திரும்பப் பேசியபோது ஒரு விதி எழுதிக்கொண்டோம்: நேரம் மாறினால் காரணம் ஒரு வரியில் வரும். என் பக்கத்தில் உங்கள்மேல் குறை இருந்தால் அதை நேராகச் சொல்வேன், நேரத்தை மாற்றிக் காட்டமாட்டேன். வேறு யாரிடமும் இப்படி எழுத்தில் கொடுத்ததில்லை. கொடுத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

பூட்டு அளவுகோல்

"அது நடந்தபோது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று நான் நாளுக்கு இருபது முறை கேட்பேன். இவரிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல முடியாத இந்த நிலைக்கு அலெக்சிதைமியா என்ற சொல்லை 1970களின் தொடக்கத்தில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் உண்டாக்கினார். 20 கேள்விகள் கொண்ட டொரண்டோ அளவுகோலில் 61ஐத் தொட்டால் அது இருப்பதாகக் கொள்வார்கள். இவருக்கு 72. உணர்ச்சி இல்லாமல் இல்லை, தாமதமாக வரும். ஒருமுறை செவ்வாய்க்கிழமை நான் சொன்ன ஒன்று தன்னைப் புண்படுத்தியது என்று வெள்ளிக்கிழமை எழுதினார். அன்று காலையில்தான் தெரிந்ததாம்.

பூட்டைத் திறந்து காட்டியபடியே ஒரு நாள் இவர் சொன்னதிலிருந்து வேறு வழி கிடைத்தது. பூட்டுக்குள் சின்னச் சின்னக் கம்பிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். சரியான சாவி எல்லாக் கம்பிகளையும் ஒரே கோட்டுக்குத் தூக்கும், உருளை சுழலும். சாவி இல்லாமல் திறக்க, உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். திருப்பும் அழுத்தம் குறைந்தால் தூக்கிய கம்பி விழுந்துவிடும். அதிகமானால் எல்லாம் இறுகிக்கொள்ளும், எதையும் அசைக்க முடியாது. "எனக்கு இறுகிடுது. அதுக்கப்புறம் யார் என்ன கேட்டாலும் உள்ள எதுவும் நகராது."

0 முதல் 5 வரை அழுத்த அளவுகோல் ஒன்று செய்தோம். உணர்ச்சிப் பெயர் எதுவும் அதில் இல்லை, பார்க்கக்கூடிய அறிகுறிகள் மட்டும். 2 என்றால் பதில்கள் ஒற்றை வரியில் வரும். 3 என்றால் வெளிச்சம் கூசும், தாடை இறுகும். 4ல் சொல் தெரியும், வாய்க்கு வராது. 5ல் இருட்டறை, போர்வை, யாரும் தொடக் கூடாது. 3லேயே எழுந்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம், 4 வரை பொறுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். சந்திப்பின் நடுவே வாயைத் திறக்காமல் மூன்று விரலைக் காட்டுவார், பேச்சை நிறுத்திவிட்டுத் தாளில் எழுதிக்கொள்வோம். சிபிடி தாள் கேட்ட அதே தகவல்தான் இதிலும் வருகிறது. எண்ணம், உணர்ச்சி என்ற வாசல் வழியாக வராமல் உடம்பின் வழியாக வருகிறது.

மருந்தும் பசியும்

இது மனநல மருத்துவரின் பொறுப்பு, ஆனால் ஒரு விஷயம் என் அறையில்தான் வெளிப்பட்டது. தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் இவர் நொறுங்கிப் போவார், அழுகை, எரிச்சல். மனநிலைக் கோளாறோ என்று ஒரு சந்தேகம் கோப்பில் இருந்தது. அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் ஏதோ. மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். உடம்பின் உள்ளிருந்து வரும் தகவல் ஏற்கெனவே மங்கலாக வரும் ஒருவருக்கு, பசி என்ற செய்தியே வந்து சேர்வதில்லை. மாலையில் மருந்தின் வேகம் இறங்கும் நேரமும் வெறும் வயிறும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மருத்துவர் அளவையும் நேரத்தையும் மாற்றினார், சாவிக்கொத்தில் இன்னொரு வில்லை சேர்ந்தது, மூன்று வாரத்தில் மாலைகள் அடங்கின.

ஆட்டிசத்தோடு சேர்ந்த ஏடிஎச்டியில் இந்த மருந்தை நிதானமாகத்தான் ஏற்ற வேண்டும் என்பதற்குக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்றுண்டு. 2005ல் வெளியான அதில், 72 குழந்தைகளில் 49 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது, 18 சதவீதம் பேர் பக்கவிளைவால் நிறுத்தினார்கள். ஏடிஎச்டி மட்டும் உள்ள குழந்தைகளிடம் பலன் இதைவிட அதிகம், நிறுத்துபவர்கள் குறைவு.

14 மாதத்துக்குப் பிறகு

பிஎச்க்யூ-9 இப்போது 11. தூக்கமும் அசதியும் தோல்வி உணர்வும் இறங்கியிருக்கின்றன. கவனம் அதே 3. அதை இறக்கப் போவதில்லை என்று இருவரும் முடிவுசெய்துவிட்டோம், அது மனச்சோர்வின் கணக்கில் வராது. ஒன்பதாவது கேள்வியை மட்டும் "போன முறை சந்தித்ததிலிருந்து" என்று மாற்றி வாய்மொழியாகக் கேட்கிறேன். ஒப்புதல் பெற்ற படிவத்தை இப்படி மாற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும், அந்தக் கேள்வியின் பதிலை மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை.

பொதுக்கூடத்துக்கு இவர் போவதில்லை. ஆனால் மதிப்பீட்டில் அப்படி எழுதிய அதே சக ஊழியரோடு, எல்லோரும் கிளம்பிய பிறகு, வேலை பற்றி அரைமணி நேரம் பேசுகிறார். மாதாந்திரக் கணக்கு திரும்ப வந்துவிட்டது. குளிப்பது இன்னும் பதினாறு வேலைதான். இந்த வேலையிலேயே இருப்பதா என்ற கேள்வி முடிவாகவில்லை. சென்ற மாதம் ஒரு சந்திப்புக்குச் சரியான நேரத்துக்கு வந்தார், சரியாக ஒரு நாள் கழித்து.

எந்த முறையில் சிகிச்சை தந்தீர்கள் என்று சக உளவியலாளர்கள் கேட்கிறார்கள். சிபிடியின் எலும்புகள் இதில் இருக்கின்றன, ஏடிஎச்டிக்கான திட்டமிடல் பயிற்சிகளும் இருக்கின்றன. பெயரைக் கேட்டு யாராவது அதையே தேடிப் போனால் இவர் முன்பு போன இரண்டாவது இடத்துக்கே போய்ச் சேரக்கூடும். அந்த ஐந்து கேள்விகளை வைத்துத் தேடச் சொல்வேன். இவரும் அவற்றை வீணாக்கவில்லை. போன வாரம் இரண்டைத் திருத்தி ஒரு பல் மருத்துவருக்கு அனுப்பியிருக்கிறார். விளக்கு பற்றிய கேள்விக்குப் பக்கத்தில் துளைக்கருவியின் சத்தமும் சேர்ந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்க அனுப்பினேன். மூன்று திருத்தங்கள் இருப்பதாகப் பதில் வந்தது. முதலாவது, இடைவேளை இருபதாவது நிமிடத்தில் இல்லை, பத்தொன்பதாவது நிமிடத்தில்தான் நான் எழுந்திருக்கச் சொல்கிறேனாம், தினமும். இரண்டாவது, எல்லாப் பூட்டும் இப்படி வேலை செய்யாது, கம்பிப் பூட்டு மட்டும்தான், அதைச் சொல்லாமல் விட்டது தவறு. அவ்வளவுதான் இருந்தது. மூன்றாவது எங்கே என்று கேட்டு எழுதினேன். மறந்துவிட்டதாம், ஞாபகம் வந்தால் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.